ஏழு பார்

வாளையார் தாண்டினால் காற்றின் குணம் மாறும்.
ஆடியில் கணவாய் வழியே அது வரும்போது
கஞ்சிக்கோடு ஸ்டேஷனின் தகரக்கூரை படபடக்கும்.
துப்பட்டாவை வாயால் கவ்விக்கொண்டு
டூல் பையோடு இறங்குவேன்.
அந்தக் காற்றுக்கு யாரும் பில் போடுவதில்லை.

கம்பெனிச் சுவருக்குள் இருப்பது வேறு காற்று.
எழுபத்தைந்து கிலோவாட் மோட்டார்
அமுக்கி அமுக்கி ஏழு பாருக்கு ஏற்றி
நீலக் குழாயில் அனுப்பிவைப்பது.
கிளாம்ப்பை இறுக்கும், பிசிறை ஊதும்,
ஷிப்டு முடிந்தால் பையன்களின் சட்டையையும் ஊதும்,
'உடம்பில் ஊதாதே' என்ற பலகைக்கு நேர் கீழே.

ஓட்டத்தில் ஒன்றும் கேட்காது.
ஞாயிறன்று, எல்லாம் நின்றபின்,
ஆளில்லாத ஷெட்டில்
யாரோ பல்லிடுக்கில் மூச்சு விடுவதுபோல்
இங்கே ஒரு உஸ். அங்கே ஒரு உஸ்.
ஒரு நட்டுகூடச் செய்யாத அந்த நாளிலும்
கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது,
உஸ்ஸுக்குச் சோறு போட.

இருபத்தைந்து விநாடி லோடு.
முப்பத்தைந்து விநாடி ஓய்வு.
மறுபடி இருபத்தைந்து.
வாட்ச்சைப் பார்த்து பத்து முறை எண்ணினேன்.
நூறில் நாற்பது
ஓட்டையில் போகிறது.
எங்கோ ஓர் அணையில்
அதற்கும் சேர்த்துத்தான் ஷட்டரைத் தூக்கியிருப்பார்கள்.

பிரதீஷ் சார் மேசையில் புது மெஷினின் கொட்டேஷன்.
'பிரஷர் பத்தலைன்னு லைன்ல சொல்றாங்க.
பெரிசாவே வாங்கிடலாம், என்ன?'
ஒரு பக்கெட் சோப்புத்தண்ணியும்
துகுனாவையும் கேட்டேன்.
சிரித்தார்.
நாலு ஞாயிறு கொடுத்தார்.

துகுனா ஒடிசாக்காரன்.
ஐந்து பாஷை அரைகுறை, காது மட்டும் முழுசு.
ஏணி உச்சியில் கண்ணை மூடிக்கொள்வான்.
'அபா' என்பான், அக்கா என்பதற்கு,
'எல்போ. இல்லை, எல்போவுக்குப் பின்னால்.'
பிரஷ்ஷை வைத்தால் நுரை பொங்கும்.
சிவப்பு அட்டை கட்டுவோம்.

ஓர் இடத்தில் சைக்கிள் ட்யூப் சுற்றியிருந்தது.
மேலே பெயிண்டில் 'தற்காலிகம்'.
எழுதியவர் ரிட்டயராகி
அவர் மகன் இப்போது ஸ்டோர்ஸில் இருக்கிறான்.

முப்பத்தொன்றாவது அட்டைதான் பெரியது.
ட்ரெயின் வால்வு அரைவாசி திறந்து
செம்புக்கம்பியால் கட்டப்பட்டு
நாள் முழுக்க ஊதிக்கொண்டிருந்தது.
'எந்த முட்டாள்' என்று ஆரம்பித்து
முடிச்சைப் பார்த்தேன்.
இடப்பக்கம் இரண்டு சுற்று, வால் உள்ளே மடித்து.
அப்படி நான் மட்டும்தான் கட்டுவேன்.
மூன்று வருடம் முன்பு, ஒரு மழை ராத்திரி,
ஆட்டோ ட்ரெயின் அடைத்துக்கொண்டது,
லைனில் தண்ணீர் வருகிறதென்று போன்.
நாளைக்குப் பார்க்கலாம் என்று கட்டினேன்.
துகுனா ஒன்றும் சொல்லவில்லை.
கட்டிங் பிளேயரை மட்டும் நீட்டினான்.

டெஃப்லான் டேப், ஒன்பது ரூபாய் ஓ-ரிங்,
தேய்ந்த கப்ளிங்குக்கு ஸ்டோர்ஸில் கெஞ்சல்.
நாற்பத்தேழில் நாற்பத்தாறை அடைத்தோம்.
மிச்சம் ஒன்று பேக்கிங் தரைக்கு அடியில்,
கான்கிரீட் உடைக்க வேண்டும்.
ஓண ஷட்டவுனுக்கு என்றார்கள்.
அட்டையை தூணில் கட்டிவிட்டு வந்தேன்,
இந்த முறை தேதி போட்டு.

அடுத்த ஞாயிறு ராத்திரி பதினொன்றரை.
வாட்ச்மேன் சாத்துண்ணியின் போன்.
'சேச்சீ, எந்தோ நின்னுபோயி.'
குரல் நடுங்கியது.
பதினோரு வருடமாய் அந்த உஸ்ஸில்தான்
காவல் இருந்திருக்கிறார்.
'போனை ஷெட் பக்கமாய்ப் பிடியுங்கள்.'

வெளியே கணவாய்க் காற்று.
அவருடைய மூச்சு.
ஒரு நாய்.
கட்டிலில் உட்கார்ந்து எண்ணினேன்.
ஒரு நிமிடம். இரண்டு.
'இல்லியா?' என்றார்.
'பொறுங்க.'
நாலு நிமிடம் மூன்று விநாடி.
டக்.

'ஆ, உண்டு' என்றார்.
வைக்கவில்லை.
பதினைந்து விநாடியில் அது மறுபடி அடங்கும்வரை
இரண்டு பேரும் லைனில் இருந்தோம்.